“தெய்வக் குழந்தை”யாம்!

கொட்டிவாக்கத்திலிருந்து ஒரு தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். கடிதம் என்று சொல்லுவதற்குக்கூட அது போதாது. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளில் பதினொரு வரி, அவ்வளவுதான். தம்முடைய பெயரைப் போட வேண்டாமென்று மேலே எழுதி அடியில் கோடும் போட்டிருப்பதால், பெயரை விட்டுவிட்டு விஷயத்தை மாத்திரம் எடுத்துக் கொள்ளுகின்றோம்.

அந்த அம்மையாருக்கு ஒன்பது வயதில் ஒரு மகன். பிறந்தவுடன் அழவில்லை. நான்கு வயது வரையில் கழுத்து நிற்கவில்லை. இப்பொழுதும் நடக்க முடியாது, பேச முடியாது. ஆனால், சொல்லுவதெல்லாம் புரிகின்றது. மாலை வேளையில் அவனை இடுப்பில் தூக்கிக் கொண்டு குப்பத்து வழியாய் மணலில் நடந்து கடலண்டை போய் உட்காருவாராம். அலை காலில் பட்டால் அவன் வாய்விட்டுச் சிரிப்பானாம். மாமியார் இது முன்ஜென்மத்துப் பாவம் என்கிறாராம். ஜோசியர் இரண்டு தரம் பரிகாரம் சொல்லிப் பணம் வாங்கிக் கொண்டாராம். இப்பொழுது படித்த அம்மாள் ஒருவர், “அப்படியெல்லாம் நினைக்காதீர்கள், இது தெய்வக் குழந்தை, நீங்கள் புண்ணியம் செய்தவர், அதனால்தான் பகவான் உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்” என்று சொன்னாராம். “அய்யா, இரண்டில் எது நிஜம்? எனக்குப் பிறகு இவனை யார் தூக்குவார்கள்?” என்று கேட்டுவிட்டு, “அவன் எழுந்துவிட்டான், நிறுத்துகிறேன்” என்று முடித்திருக்கின்றார்.

நமக்கு எவ்வளவோ பேர் பக்கம் பக்கமாய் எழுதுகின்றார்கள். வேதாந்த விசாரணை நாற்பது பக்கம் எழுதியனுப்புகிற கனவான்களும் இருக்கின்றார்கள். அவர்களுக்கெல்லாம் பொழுது இருக்கின்றது. இந்த அம்மையாருக்கு ஒரு பிள்ளை தூங்கி எழுந்திருக்கும் நேரந்தான் இருக்கின்றது. அந்த நேரத்தில் அவர் கேட்டிருக்கும் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கின்றோம்.

முதலாவது, இரண்டில் எது நிஜம் என்பது. அம்மா, இரண்டும் பொய்.

முன்ஜென்மப் பாவம் என்பதை முதலில் பார்ப்போம். ஊரில் ஒரு மாஜிஸ்திரேட் இருக்கிறார். அவர் ஒருவனைப் பிடித்து வரச் செய்து, “உனக்கு ஆயுள் தண்டனை” என்கிறார். “என்ன குற்றம் செய்தேன்?” என்று அவன் கேட்டால், “அது உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கும் சொல்ல முடியாது, சாட்சியும் கிடையாது” என்கிறார். இப்படிப்பட்ட மாஜிஸ்திரேட்டை ஒரு நாளாவது உத்தியோகத்தில் வைத்திருப்போமா? ஆனால், தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு இப்படித் தண்டனை கொடுத்ததாகச் சொல்லப்படுகின்ற ஒருவருக்குக் கோவில் கட்டி, உண்டியலும் வைத்து, தண்டனையைக் குறைக்கச் சொல்லி அவருக்கே லஞ்சமும் கொடுக்கச் சொல்லுகின்றார்கள். இதற்குப் பெயர் பரிகாரம்!

சரி, பாவந்தான் காரணம் என்றால் வைத்தியத்தினால் அது மாறக்கூடாதல்லவா? இளம்பிள்ளை வாதம் என்ற வியாதியை நம் தகப்பனார், பாட்டனார் காலத்து ஜனங்கள் நன்றாய் அறிவார்கள். தெருவுக்கு ஒரு பிள்ளையாவது சூம்பிய காலோடு இருக்கும். அதையும் கர்மபலன் என்றுதான் சொன்னார்கள். 1955இல் அமெரிக்காவில் ஸால்க் என்பவரின் தடுப்பூசி வந்தது. பிறகு வாயில் விடுகின்ற சொட்டு மருந்து வந்தது. இந்தியாவில் 1995 முதல் நாள் குறித்து, வீடு வீடாய்ப் போய்ச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இயற்கையாய்ப் பரவுகின்ற அந்தக் கிருமியினால் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில், வங்காளத்து ஹவுராவில். 2014 மார்ச் 27ஆம் தேதி இந்த நாட்டை விட்டு அது ஒழிந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றிதழ் கொடுத்தது. முன்ஜென்மத்துப் பாவிகள் எல்லோரும் 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் பிறப்பதில்லையென்று சத்தியம் செய்து கொண்டார்களா? அல்லது இரண்டு சொட்டு மருந்துக்கு முன் எமதர்ம ராஜாவின் கணக்குப் புத்தகமே அழிந்து போய்விட்டதா? கர்மத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இந்தப் பையனுடைய சங்கதிக்கு வருவோம். பிறந்தவுடன் அழவில்லை என்று தாயார் எழுதியிருப்பதை வைத்தே மூளை முடக்குவாதம் என்று நாம் பெயர் சூட்டிவிட முடியாது. நாம் டாக்டர் அல்ல. ஆனால் அந்த நிலைமைக்கு வைத்தியர்கள் சொல்லுகின்ற காரணங்கள் மண்ணுலகத்தைச் சேர்ந்தவை. குழந்தையின் மூளை வளர்ந்து கொண்டிருக்கும் காலத்தில், கருவிலோ, பிரசவத்திலோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ அதற்கு ஏற்பட்ட சேதம். மாதம் நிறையாமல் பிறத்தல், பிராணவாயு தடைப்படுதல், மூளைக் காய்ச்சல், கடுமையான காமாலை இவையெல்லாம் அதில் சேரும். பல குழந்தைகளுக்குக் காரணம் இன்னதென்றே கண்டுபிடிக்க முடிவதில்லை. டாக்டர் “காரணம் தெரியவில்லை” என்று சொன்னால் அது யோக்கியமான பதில். தெரியாத இடத்தில் ஒரு கடவுளையோ, கிரகத்தையோ, தாயின் வயிற்றையோ கொண்டு வந்து வைப்பதுதான் யோக்கியப் பொறுப்பற்ற பதில்.

காமாலை என்றோமே, அதைப்பற்றி ஒரு வார்த்தை. பச்சைப் பிள்ளைக்குப் பிறந்த சில நாட்களில் உடம்பு மஞ்சளிப்பது சாதாரணம்; பெரும்பாலும் தானே போய்விடும். ஆனால், சில பிள்ளைகளுக்கு மஞ்சள் மிஞ்சி மூளையில் படிந்துவிட்டால் கை கால் கட்டுக்கடங்காமற் போவதும் காது கேளாமற் போவதும் உண்டு. நம் ஊர்களில் அந்த வேளையில் மந்திரிக்கத் தூக்கிக் கொண்டு ஓடுகின்றார்கள். இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரியில் 1956ஆம் வருஷத்தில் வார்டு என்ற ஒரு நர்ஸம்மாள், வெயிலில் வைத்த பிள்ளையின் தோலில் மஞ்சள் குறைந்திருப்பதைக் கண்ணால் கண்டு டாக்டர்களிடம் காட்டினார். அவர்கள் அதைச் சோதித்து, நீல வெளிச்சத்தில் பிள்ளையைக் கிடத்தும் வைத்தியத்தை 1958இல் வெளியிட்டார்கள். இன்றைக்கு அந்த விளக்கு நம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் எரிகின்றது. (வீட்டில் வெயில் காட்டினால் போதுமென்று யாரும் எடுத்துக் கொள்ள வேண்டாம், இரத்தத்தைச் சோதித்து விளக்கில் வைக்க வேண்டியது ஆஸ்பத்திரியின் வேலை.) அந்த நர்ஸ் மந்திரம் படித்தவரல்ல. கண்ணைத் திறந்து பார்த்தவர். நம் தாயத்துக்காரன் எத்தனை தலைமுறையாய் மஞ்சள் பிள்ளைகளைப் பார்த்து வருகின்றான்! ஒன்றாவது கண்டுபிடித்தானா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொன்னால் நம் தோழர்களிலேயே பலருக்குக் கோபம் வரும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுவது நம்மில் பெருமையாய் இருந்து வருகின்றது. சொத்து வெளியே போகாது, சொந்தம் விட்டுப் போகாது என்பது காரணம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படியே தமிழ்நாட்டில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பெண்கள் சொந்தத்தில் கட்டிக் கொடுக்கப்பட்டவர்கள். ஒரே பாட்டனாரிடமிருந்து ஒரே குறை இரண்டு பக்கமாகவும் வந்து பிள்ளையிடம் சேருவதற்கு இதில் இடம் அதிகம். மாமன் அத்தை பிள்ளைகளுக்குள் கலியாணமானால் பிறவிக் குறைகளின் அபாயம் மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்காகின்றது என்றும், அக்காள் மகளைக் கட்டினால் அதற்கும் மேலென்றும் சொல்லுகின்றார்கள். சொந்தத்தில் கட்டியவர்களின் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே இருக்கின்றன என்பதும், அசலில் கட்டியவர்களுக்கும் குறையோடு பிள்ளை பிறப்பதுண்டு என்பதும் உண்மையே. ஆனால், ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஜோசியன் இந்தப் பதினோராவது பொருத்தத்தைப் பற்றி என்றைக்காவது வாய் திறந்ததுண்டா?

இனி, தெய்வக் குழந்தை என்பது. பாவம் என்று சொல்லுகிறவர்களை விட இவர்கள் நல்லவர்கள் என்று பலர் நினைக்கின்றார்கள். அந்தப் படித்த அம்மாளும் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். நாம் அவரைக் கோபிக்கவில்லை. ஆனால், அவருடைய வார்த்தையைப் பிரித்துப் பார்ப்போம். இந்தப் பிள்ளையை ஒன்பது வருஷமாய்த் தூக்கிச் சுமப்பவள் தாய். சோற்றைப் பிசைந்து, தொண்டையில் அடைக்காமல் ஊட்டுகிறவள் தாய். இரவில் மூன்று தரம் எழுந்து புரட்டிப் படுக்க வைக்கிறவள் தாய். அவ்வளவும் அவள் செய்ய, புகழ் மாத்திரம் பகவானுக்குப் போகின்றது! அன்றியும், தெய்வக் குழந்தையின் தாய் களைத்துப் போனேன் என்று சொல்லலாமா? சலித்துக் கொள்ளலாமா? ஒரு நாள் அழலாமா? புண்ணியவதி என்று பட்டம் கொடுத்து அவள் வாயை அடைத்து விடுகின்றார்கள். பாவி என்றால் வெட்கத்தினால் கதவை மூடிக் கொள்ளுகிறாள். புண்ணியவதி என்றால் பட்டத்துக்குப் பயந்து மூடிக் கொள்ளுகிறாள். எப்படியும் பஞ்சாயத்தாருக்கும் முனிசிபாலிடிக்கும் மந்திரிகளுக்கும் தொந்தரவு மிச்சம்.

இது ஏதோ வீட்டுப் பெண்கள் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். 2015 டிசம்பரில் பிரதம மந்திரி மோடி அவர்கள் ரேடியோவில் பேசும்போது, இப்பேர்ப்பட்டவர்களை இனி “திவ்யாங்” என்று அழைக்க வேண்டுமென்றார். திவ்யமான அங்கம் உடையவர்கள் என்று அர்த்தமாம். மாற்றுத்திறனாளிகளின் சங்கங்கள் பல, எங்களுக்குத் திவ்யமும் வேண்டாம், தெய்வீகமும் வேண்டாம், உரிமையைக் கொடுங்கள் என்று ஆட்சேபித்தன. ஆனாலும், டில்லி இலாகாவின் பெயரில் அந்தச் சொல்லைச் சேர்த்தே விட்டார்கள். நடக்க முடியாத கால் திவ்யமான காலாம்! அப்படியானால் அந்தக் காலுக்கு ஏற்றபடி பஸ் படியைத் தாழ்த்த வேண்டிய அவசியமென்ன? திவ்யமான கால் பறந்து போகாதா? தமிழ்நாட்டில் 2010இல் கலைஞர் கருணாநிதி முதல் மந்திரியாயிருக்கையில், “ஊனமுற்றோர்” என்பதை மாற்றி “மாற்றுத்திறனாளி” என்ற சொல்லைச் சர்க்கார் வழக்கத்தில் கொண்டுவந்து, தனி இலாகாவும் ஏற்படுத்தினார்கள். அதில் சாமியின் வாசனை இல்லை. அவ்வளவில் நமக்குத் திருப்தி. ஆனால், எந்தப் பெயரும் மணலில் சக்கர நாற்காலியை நகர்த்தாது.

மணல் என்றதும் ஞாபகம் வருகின்றது. மெரினாவில் சக்கர நாற்காலி கடலண்டை போவதற்கென்று 2022 நவம்பர் 27ஆம் தேதி ஒரு மரப்பாதை திறந்தார்கள். அதுவரையில் தண்ணீரைக் கிட்டத்தில் பார்த்தறியாத எத்தனையோ பெரியவர்களும் பிள்ளைகளும் அன்றைக்குப் பார்த்தார்கள். இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. உடனே, “பார்த்தாயா, பணம் வீண்” என்று கேலி பேசக் கிளம்பினவர்கள் உண்டு. புயலில் கோவில் கோபுரம் சாய்ந்தால் இப்படிக் கேலி பேசுவார்களா? பாதையைச் செப்பனிட்டார்கள், அதுதான் சரி. கொட்டிவாக்கம் 2011இல் சென்னைக் கார்ப்பரேஷனோடு சேர்க்கப்பட்ட ஊர். வரி சென்னைக்குக் கட்டுகின்றது. மெரினாவில் இருக்கிற அதே கடல்தான் இங்கேயும் இருக்கின்றது. இங்கே ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிக் கொண்டு மணலில் நடக்கிறாள். அவன் இன்னும் மூன்று வருஷத்தில் அவள் தூக்கும் கனத்தைத் தாண்டிவிடுவான். பிறகு அந்தப் பிள்ளைக்குக் கடல் கிடையாது. தேர் வரும் தெருவென்றால் ஒரே நாளில் பள்ளத்தை மூடுகிறவர்கள் இதற்கும் ஒரு வழி செய்யட்டுமே.

கோவிலையும் தர்காவையும் நம்பி விட்டுவிடுவதன் முடிவு என்ன என்பதற்குத் தூரம் போக வேண்டாம். ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலை ஒரு கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் மனநோய்க்குத் தர்காவில் குணமாகுமென்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அங்கே கொண்டுபோய் விடுகிறவர்களில் முஸ்லிம்களும் உண்டு, இந்துக்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம் நாட்டில் மத ஒற்றுமைக்குக் குறைவில்லை. மனநோய் வேறு, இந்தப் பையனுடைய நிலைமை வேறுதான். சங்கிலி மட்டும் வேறல்ல. கிராமங்களில் வேலைக்குப் போகிற தாய், கேட்க ஆளில்லாமல், பிள்ளையைத் திண்ணைத் தூணில் கட்டிவிட்டுப் போவதை நாம் நேரில் கண்டிருக்கின்றோம். கட்டினவளைத் திட்டுவதற்கு ஊரே வரும். அரை நாள் பார்த்துக் கொள்ள ஒருவரும் வரமாட்டார்கள்.

நிற்க, அந்தக் கடிதத்தில் பாவம் என்ற மாமியார் வருகிறார், ஜோசியர் வருகிறார், படித்த அம்மாள் வருகிறார். தகப்பனாரைப் பற்றி ஒரு சொல் இல்லை. செத்துப் போனாரா, ஓடிப் போனாரா, அல்லது வீட்டிலேயே இருந்தும் எழுதத்தக்கபடி ஒன்றும் செய்யவில்லையா என்பது நமக்குத் தெரியாது. ஆனால், ஒன்று தெரியும். பிள்ளை நல்லபடியாய்ப் பிறந்தால் “என் வம்சம்” என்கிறான். இல்லாவிட்டால் “உன் வயிறு” என்கிறான். பிள்ளையின் உடம்பில் பாதி இவன் கொடுத்ததுதான் என்று பள்ளிக்கூடத்துப் பையனும் படித்திருக்கின்றான். இந்தப் புத்தி நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமுமல்ல. மேல்நாட்டில் ஆட்டிசம் என்ற நிலைமையை 1943இல் கன்னர் என்ற டாக்டர் விவரித்த பிறகு, அது தாயின் பாசக் குறைவால் வருவதென்று விஞ்ஞானத்தின் பெயராலேயே பேசினார்கள். பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் அதற்காகப் பெரிய புத்தகமே எழுதினார். புராணிகன் சொன்னால் பொய், மேல்நாட்டு நிபுணன் சொன்னால் மெய் என்று நாம் நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்லுகின்றோம். இது பொய்யென்று 1964இலேயே எடுத்துக் காட்டியவர் ரிம்லண்டு என்பவர். அவர் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் தகப்பனார். தன் மனைவியின் மேல் பழி போடுவதைப் பொறுக்காமல் உட்கார்ந்து படித்து ஆராய்ந்து எழுதினார். நம் ஆண் தோழர்கள் ஆராய்ச்சி செய்ய வேண்டாம். இரவில் மூன்று தரம் எழுந்திருப்பதில் ஒரு தரமாவது எழுந்திருக்கட்டும்.

அமெரிக்காவில் எமிலி பெர்ல் கிங்ஸ்லி என்ற ஒரு தாயார் 1987இல், டவுன் சின்ட்ரோம் உள்ள தன் மகனை வளர்த்ததைப் பற்றி ஒரு பக்கத்துக்கும் குறைவாய் ஒன்று எழுதினார். இத்தாலிக்குப் போக நினைத்தவள் ஹாலந்தில் வந்து இறங்கினது போலிருக்கின்றது என்பது சாராம்சம். உலகம் முழுதும் அதைப் பெற்றோர்கள் கையில் வைத்திருக்கின்றார்கள். கப்பலும் விமானமும் ஏறிப் பழகிய வகுப்பாருடைய உவமைதான்; பஸ்ஸிலேயே பிள்ளையோடு ஏற முடியாத நம் அம்மையாருக்கு அது ஒட்டாது. என்றாலும் அதில் பாவமும் இல்லை, பகவானும் இல்லை. நமக்கு அது போதும். அதைவிட நம் கையிலிருக்கும் பதினொரு வரி குறைந்ததல்ல என்பது நமது அபிப்பிராயம்.

இரண்டாவது கேள்விக்கு வருகின்றோம். எனக்குப் பிறகு யார்? இதற்கு முழுப்பதில் நம்மிடம் இல்லை. இருப்பதாய்ச் சொன்னால் நாமும் ஜோசியர்தான். இருக்கிறவற்றைச் சொல்லுகின்றோம்.

1999இல் ஏற்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஒன்று உண்டு. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. பதினெட்டு வயதான பிறகு இவர்களுக்குச் சட்டப்படி ஒரு காப்பாளரை நியமிக்க, கலெக்டர் தலைமையில் ஜில்லாதோறும் ஒரு கமிட்டி இருக்க வேண்டும். 2016ஆம் வருஷத்து உரிமைச் சட்டமோ, முந்திய 1995 சட்டத்தில் ஏழாயிருந்த வகைகளை இருபத்தொன்றாக்கி, ஆறு வயது முதல் பதினெட்டு வரையில், குறை குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பள்ளியிலோ தனிப்பள்ளியிலோ இலவசமாய்ப் படிக்கும் உரிமையைக் கொடுக்கின்றது. அய்யா தயவு என்று பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டியதில்லை. கடுமையாய்ப் பாதிக்கப்பட்டவர்களுக்கு நம் மாகாண சர்க்கார் கொடுக்கும் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2000 ரூபாயாக்கப்பட்டது. நாளொன்றுக்குக் கணக்குப் பார்த்தால் 67 ரூபாய் ஆகவில்லை. 2011 ஜனக்கணக்கில் தமிழ்நாட்டில் எல்லா வகை மாற்றுத்திறனாளிகளும் சேர்ந்து 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். தாய் தகப்பனுக்குப் பிறகு இவர்கள் தங்கள் ஊரிலேயே, தெரிந்த முகங்களுக்கு மத்தியிலேயே குடியிருக்க, ஆள் துணையோடு கூடிய வீடுகள் வட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும். மடங்களுக்கும் தேவஸ்தானங்களுக்கும் சொந்தமான கட்டிடங்கள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் இடத்துக்குப் பஞ்சமில்லை. உண்மையில் தெய்வக் குழந்தைகள் என்று நம்புகிறவர்கள், தெய்வத்தின் வீட்டிலேயே அதன் குழந்தைகளுக்கு இடம் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்?

கொட்டிவாக்கத்துக்குக் கிட்டத்திலேயே சில இடங்கள் இருக்கின்றன. தரமணியில், 1981இல் ஏற்பட்ட ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் இருக்கின்றது. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் இருக்கின்றது. அதை 1985இல் ஆரம்பித்தவர் பூனம் நடராஜன் என்ற அம்மையார், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு மகனின் தாய். தன் பிள்ளைக்கு வழி தேடப் போய் ஊர்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வழி செய்தவர். பிறகு மேலே சொன்ன தேசிய அறக்கட்டளைக்கே தலைவராயிருந்தார். அங்கே பேச முடியாத பிள்ளைகளுக்குப் படங்களும் எழுத்துக்களும் உள்ள ஒரு பலகையைக் கொடுத்து, விரலாலோ கண்ணாலோ காட்டிப் பேசக் கற்றுக் கொடுக்கின்றார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே போனால் முட்டுக்காட்டில் 2005இல் ஏற்பட்ட மத்திய சர்க்கார் ஸ்தாபனமும் இருக்கின்றது. சொல்லுவதெல்லாம் புரிகின்ற ஒரு பையன் ஒன்பது வருஷமாய்ப் பதில் சொல்ல வழியில்லாமல் இருக்கின்றான் என்பதை நினைக்கையில், ஜோசியன் இரண்டு தரம் வாங்கின பணத்துக்கு எத்தனை பலகை செய்திருக்கலாம் என்றுதான் நமக்குத் தோன்றுகின்றது.

அந்த அம்மையார் முதலில் தரமணிக்குப் போய்ப் பார்க்கும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம். கூட வர ஆள் வேண்டுமானால் ஒரு கார்டு போட்டால் போதும். அடையாற்றிலும் திருவான்மியூரிலும் உள்ள நம் தோழர்களில் இருவர் வருவதாய் ஒப்புக் கொண்டிருக்கின்றார்கள், அவர்களில் ஒருவர் தூக்கவும் வல்லவர். போய் வந்த விவரத்தை நமக்கு எழுத வேண்டும். இதைப்போல் பிள்ளை வளர்க்கும் மற்றத் தாய்மார்களும், தகப்பன்மார் இருந்தால் அவர்களும், தங்கள் சங்கதியை எழுதியனுப்பலாம். நான்கு வரியானாலும் சரி. பிள்ளை எழுந்துவிட்டால் பாதியிலேயே நிறுத்தி அனுப்பிவிடலாம், அப்படியே அச்சிடுவோம்.